ரெசின் அண்ணாச்சியின் பதின்மூன்று அடித் தூண்டில்

ஒரகடத்துக்கு இதுவரை வேலைக்கு வந்தவர்கள், இனி வரப்போகிறவர்கள், வந்த வேகத்தில் ஊருக்கு பஸ் ஏறியவர்கள் எல்லோரையும் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் வரிசையாக நிறுத்தி விசாரித்தாலும், மீன் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பதின்மூன்று அடி நீளத்துக்குத் தூண்டில் செய்த மனிதர் ஒருவர்தான் தேறுவார். அவர் ரெசின் அண்ணாச்சி.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருடைய அடையாள அட்டையில் இருந்திருக்கும். ஆனால் அட்டையின் மேல் ரெசின் கொட்டி இறுகிப் போனதால், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கே அது தெரியாது. நாங்கள் இருவரும் வேலை பார்த்தது பஸ்ஸுக்கு முகப்பும் கூரையும் செய்கிற ஃபைபர் கம்பெனி. பெரிய அச்சின் மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து, ரெசின் என்கிற தேன் மாதிரியான பசையைத் தடவி, இறுகியதும் உரித்தெடுப்பார்கள். தடவுகிறவர் அண்ணாச்சி. நான் க்யூ.சி. அதாவது, யாரோ வியர்வை சிந்திச் செய்ததைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, வளைந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவன். சுவரில் ஓர் ஆணிகூட நேராக அடித்தறியாத எனக்கு அதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடையாது.

அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கம். மீன் சாப்பிட மாட்டார். சின்ன வயதில் தொண்டையில் சிக்கிய முள் இன்னும் இறங்கவில்லை என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. பேசிக்கொண்டே இருப்பார், நடுவில் எங்கேயோ போய்விடுவார். உடம்பு மட்டும் நம் எதிரில் நிற்கும். ஒருமுறை கேன்டீனில் சாம்பார் வாளிக்கு முன்னால் கரண்டியோடு அப்படிப் போய்விட்டார். பின்னால் நின்ற நாற்பது பேரும் அவர் திரும்பி வரும்வரை காத்திருந்தார்கள். "எங்க போனீங்க அண்ணாச்சி?" என்று கேட்டால், "இங்கனதான் கெடந்தேன்" என்பார்.

இப்படிப் போன ஒரு நேரத்தில்தான் கம்பெனி பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கிவிட்டார். மனதளவில் பஸ் எப்போதோ நின்றுவிட்டது. வலது தோளில் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டார்கள், கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கை நெஞ்சு உயரத்துக்கு மேல் ஏற மறுத்தது. ஃபைபர் லைனில் பாதி வேலை தலைக்கு மேல்தான். கம்பெனி டாக்டர் மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் கை தலைக்கு மேல் போக வேண்டும். போகாவிட்டால் லைனில் இடம் கிடையாது. இடம் இல்லையென்றால் கான்ட்ராக்ட் கிடையாது. கான்ட்ராக்ட் இல்லையென்றால் அண்ணாச்சி ஊரைப் பார்க்கப் போக வேண்டியதுதான்.

கைக்குப் பயிற்சி சொல்லித்தந்த பிசியோ அம்மா ஒரு மூங்கில் குச்சியைக் கொடுத்தார். "ரெண்டு கையாலயும் புடிச்சுக்கோங்க. நல்ல கை தள்ளணும், கெட்ட கை கூடவே மேல போகணும். டெய்லி நூறு தடவை."

வடக்குப்பட்டில் நானும் அவரும் வாடகைக்கு இருந்த அறையில், அண்ணாச்சி பதினோரு தடவை தூக்கினார். பன்னிரண்டாவதில் நிறுத்தினார்.

"ஏல தம்பி, வெறுங்குச்சிய தூக்கித் தூக்கி எறக்குததுக்கு நான் என்ன ரயில்வே கேட்டால?"

"கை சரியாகணும்ல அண்ணாச்சி?"

"கைக்கு ஒரு சோலி வேணும்லா. சும்மா மேல போன்னா எதுக்குப் போவும்? மேல என்ன இருக்கு?"

குச்சி கொசுவலை கட்டப் போய்விட்டது. ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் போனில் சத்தமில்லாமல் ஏதோ ஒரு வீடியோவை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பனி பெய்கிற தேசம். இடுப்பளவு ஆற்றில் ஒரு பெரியவர், தன்னைப் போல் இரண்டு மடங்கு நீளமான தூண்டிலை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நிற்கிறார். கம்பு மெல்லப் பின்னால் சாய்கிறது. தண்ணீரில் கிடந்த தடித்த நூல் எழுந்து வந்து, அவருக்குப் பின்னால் காற்றில் ஒரு பெரிய வளையம் போடுகிறது. அவசரமே இல்லாமல் அந்த வளையம் அவிழ்ந்து, அக்கரைப் பக்கமாய் நீண்டு, தண்ணீரில் படுக்கிறது. நம் ஊர்த் தூண்டிலில் முனையில் கனம் இருக்கும், அது நூலை இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பெரியவரின் தூண்டிலில் நூல்தான் கனம். முனையில் இருப்பது ஒரு பூச்சி அளவு இறகு. அந்தப் பெரியவர் மீன் பிடித்த மாதிரியும் தெரியவில்லை, பிடிக்க நினைத்த மாதிரியும் தெரியவில்லை. அண்ணாச்சி அதை எத்தனை தடவை பார்த்தாரோ, நான் தூங்கி எழுந்தபோதும் அவர் வளையத்துக்குள்ளேதான் இருந்தார்.

"பாத்தியா? ரெண்டு கை. பிசியோ அம்மா சொன்னதும் ரெண்டு கை."

"ஆன்லைன்ல வாங்கிடலாம் அண்ணாச்சி."

"அது ரெண்டு கை உள்ளவனுக்கு அளவெடுத்ததுல்லா? எனக்கு ஒன்றரைக் கைக்கு வேணும். நாமளே செய்வோம். ஃபைபர்தானல, நமக்குத் தெரியாத ஃபைபரா?"

அந்த 'நாமளே' என்கிற சொல்லில் என் வலது கையை மூன்று மாதத்துக்கு எடுத்துக்கொண்டார்.

லேத் பட்டறையில் ஒரு நண்பரிடம் சொல்லி, ஒரு முனை பருத்து மறுமுனை மெலிந்த இரும்புக் கம்பிகள் மூன்று கடைந்து வாங்கினோம். கம்பிக்கு மெழுகு தடவ வேண்டும். இழைத் துணியை நீளமான முக்கோணமாக வெட்டி, ரெசினில் நனைத்து, பாய் சுருட்டுகிற மாதிரி கம்பியின் மேல் சுருட்ட வேண்டும். அதன் மேல் பிளாஸ்டிக் நாடாவை இறுக்கிச் சுற்றி, மொட்டை மாடி வெயிலில் போட வேண்டும். இறுகியதும் உள்ளே இருக்கிற கம்பியை உருவிவிட்டால் வெறும் குழல் நிற்கும். மூன்று குழல்களை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் பதின்மூன்று அடி.

உருவுவது எப்படி? அவர் குழலை இடது கையால் கட்டிப் பிடித்துக்கொள்ள, நான் கம்பியை இழுத்தேன். வரவில்லை. காலை உதைத்து இழுத்தேன். வந்தது. வந்த வேகத்தில் நான் போய் உட்கார்ந்தது, வீட்டு ஓனர் கன்னியம்மா அக்கா காயப்போட்டிருந்த மிளகாயின் மேல். அன்றைக்கு செகண்ட் ஷிப்ட் முழுவதும் நான் நின்றபடியே பார்த்தேன்.

மூன்று துண்டுகளையும் செருகி மாடியில் நிறுத்தியதும் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "ஏல க்யூ.சி., பாத்துச் சொல்லு."

அமுக்கினேன். நுனியில் தொங்கினேன். அசையவில்லை. எட்டு வருடத்தில் அப்படியொரு ஃபைபரை நான் பார்த்ததே இல்லை. பையிலிருந்து பச்சை ஸ்டிக்கரை எடுத்து ஒட்டி, அவரைக் கட்டிக்கொண்டேன். கண் கலங்கி, டீ வாங்கிக் கொண்டாடினோம். இரண்டாவது டீயில்தான் அண்ணாச்சி திரும்பி வந்தார்.

"தம்பி... தூண்டில் வளையாண்டாமால?"

கூரை வளையக் கூடாது, முகப்பு வளையக் கூடாது என்று காலம் முழுக்கச் செய்த கை, தன்னையறியாமல் ஆறு சுற்றுச் சுற்றியிருக்கிறது. வளைந்தால் குற்றம் என்று காலம் முழுக்கப் பார்த்த கண், அதற்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. இரண்டு நிபுணர்கள் சேர்ந்து செய்தது கேபிள் டிவிக் கம்பம். கன்னியம்மா அக்கா அதைத் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் கீது. இன்னும் ஒண்ணு செய்ங்கபா, நடுவுல தொய்யுது" என்றார்.

மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை அடியில் மூன்று சுற்று, நுனிக்குப் போகப் போக ஒன்று. அண்ணாச்சியின் கை தானாகவே நாலாவது சுற்றுக்குப் போகும். நான் துணியைப் பிடுங்கிக்கொள்வேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு பொருளை இன்னும் கொஞ்சம் வளையச் சொல்லிக் கெஞ்சினேன்.

பிறகு உப்புத்தாள் தேய்ப்பு. ஃபைபர் தூள் உடம்பில் பட்டால் அரிக்கும் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் தேய்த்துவிட்டு மறுநாள் காஞ்சிபுரத்துக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண் வந்து வணக்கம் சொன்னபோது முதுகைச் சொறிந்துகொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா மிகுந்த பரிவோடு, "எத்தினி நாளா கீது தம்பி இது?" என்றார். பதில் கடிதம் வரவில்லை, ஒரு களிம்பின் பெயர்தான் வாட்ஸ்அப்பில் வந்தது.

கைப்பிடிக்குத் தக்கை வேண்டும். கம்பெனி ஷட்டில் கோர்ட்டில் அடித்துக் கிழிந்த இறகுப் பந்துகளைப் பொறுக்கி, அடியிலிருந்த தக்கைகளைத் துளைத்து மணி மாதிரிக் கோத்தோம். இடது கைதான் அதிகம் இழுக்கும் என்பதால் அடிப் பிடி நீளம். வலது கை சும்மா சாய்ந்து போக மேல் பிடி மெலிவு. ஒன்றரைக் கைக்கு அளவெடுத்தது என்றால் அதுதான். வீடியோவில் பார்த்த அந்தத் தடித்த நூலை மட்டும் ஆன்லைனில் வாங்கி, அது ஓடுவதற்கு எவர்சில்வர் கம்பியை வளைத்து வளையங்கள் செய்தோம். அவற்றைப் பட்டு நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். என் விரல்கள் கட்டிய முதல் முடிச்சைப் பார்த்த கன்னியம்மா அக்கா, "தள்ளுபா அப்பால. மாட்டக் கட்றவன் மாதிரி கட்டிக்கினு" என்று வாங்கிக்கொண்டார். ஜாக்கெட் தைக்கிற கை. மாம்பழ நிறத்தில் அவர் சுற்றிய சுற்றுகளில் நூல் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நல்லா கீதுபா. மீனு புடிச்சா ஒண்ணு எனக்கு" என்றார்.

"மீன் புடிக்கதுக்கு இல்லக்கா" என்றார் அண்ணாச்சி.

"பின்ன?"

அண்ணாச்சி எங்கேயோ போய்விட்டிருந்தார்.

டாக்டர் கொடுத்த தவணைக்கு இரண்டு நாள் இருந்தது. கை நெஞ்சைத் தாண்டவில்லை. அன்று காலை தூண்டிலைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு, பைக்கில் மணிமங்கலம் ஏரிக்குப் போனோம். வெயில் இன்னும் ஏறவில்லை. தண்ணீரும் வானமும் ஒரே நிறத்தில், நடுவில் கோடு கிழிக்க யாரோ மறந்துவிட்ட மாதிரி இருந்தது. நாலைந்து கொக்குகள் யோசித்துக்கொண்டு நின்றன. அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

முழங்கால் தண்ணீரில் இறங்கித் தூண்டிலைச் செருகி முடிப்பதற்குள் கரையிலிருந்து சத்தம் வந்தது. ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"யோவ்! ஏரி குத்தகைல கீது, தெரியாதா? எட்றா கம்பிய!"

"ஐயா, முள்ளு இல்ல. பாருங்க" என்று நான் நூலின் முனையைக் காட்டினேன். பந்திலிருந்து பிய்த்த இறகு ஒன்றுதான் கட்டியிருந்தது.

பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "முள்ளு இல்லாத எப்பிடி மீனு மாட்டும்?"

"மாட்டாதுங்க."

"பின்ன இன்னாத்துக்குயா இம்மாம் நீளம்?"

"சும்மா வீசிப் பாக்கதுக்கு" என்றார் அண்ணாச்சி.

குத்தகைக்காரர் என்னைத் தனியாகப் பார்த்து, விரலால் நெற்றிப் பொட்டைத் தொட்டு, கண்ணாலேயே கேட்டார். நானும் கண்ணாலேயே ஆமாம் என்றேன். அவர் இரக்கப்பட்டுக் கரையில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்.

முதல் வீச்சில் நூல் என் கழுத்தைச் சுற்றியது. இரண்டாவது அண்ணாச்சியையே கட்டிப் போட்டது. மூன்றாவது குத்தகைக்காரரின் பீடியைத் தட்டிவிட்டது. "யோவ், மீன வுட்டுட்டு என்னயா புடிக்கப் பாக்குற?" என்றார். பத்து, பதினைந்து. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

எப்போது என்று சொல்ல முடியாது, ஏதோ ஒரு வீச்சில் கம்பு தானாக மூச்சு விட்டது. அடியிலிருந்து நுனிவரை மெல்ல வளைந்து, நின்று, நிமிர்ந்தது. தண்ணீரிலிருந்து நூல் சொட்டச் சொட்ட எழுந்து, எங்கள் தலைக்குப் பின்னால் பெரிதாக ஒரு வளையம் போட்டது. அந்த வளையத்துக்குள் கொஞ்ச நேரம் வானம் இருந்தது, ஒரு கொக்கு இருந்தது. பிறகு வளையம் அவிழ்ந்து, நீண்டு, ஏரியின் மேல் சத்தமில்லாமல் படுத்தது.

"தண்ணி மேல எழுதிக்கினு கீற மாதிரி கீதேயா" என்றார் குத்தகைக்காரர், யாரிடமும் இல்லாமல்.

அண்ணாச்சி மறுபடி வீசினார். நான் நூலைப் பார்க்கவில்லை. அவருடைய வலது கையைப் பார்த்தேன். அது நெஞ்சைத் தாண்டியது. தாடையைத் தாண்டியது. காதைத் தாண்டி, தலைக்கு மேல் போய், அங்கே கம்பைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றது. அந்தக் கையின் சொந்தக்காரர் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் தண்ணீரின் மேல் நீண்டு கிடந்த நூலோடு எங்கேயோ போயிருந்தார்.

கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் கை நினைவு வந்து இறங்கிவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து, நூலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "எப்படில இருக்கு?"

"கொஞ்சம் கோணலா விழுது அண்ணாச்சி" என்றேன். "இன்னொரு தடவை."

"கோணலாவா?" என்று சலித்துக்கொண்டு மறுபடி வீசினார்.

"இன்னும் நேராகல. இன்னொரு தடவை."

வெயில் ஏறும்வரை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அது நேராகத்தான் விழுந்தது.