ஜிப் வைத்த பீவர்

வடக்கே பனிக்காட்டு ஓரம், பைக் முனை என்ற ஊரில் வசிக்கும் வெர்னா லிங்க்லேட்டருக்கு, ஆகஸ்ட் மாதம் பதினோராம் தேதி, மாவட்ட உரோம வள அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அன்னாரது அனுபவம் காலாவதியாகிவிட்டது என்று அதில் கண்டிருந்தது.

வெர்னாவுக்கு ஐம்பத்தாறு வயது. பதினாறு வயதில் உரோம விலங்குகளுக்குப் பொறி வைக்க ஆரம்பித்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து முட்டி உடைந்து, இரண்டு குளிர்காலம் வீட்டோடு கிடந்தாள். தொடர்ச்சியாக இரண்டு குளிர்காலம் பொறி வைக்காதவரின் அனுபவம் தானாகவே ரத்தாகும் என்பது பதினான்காவது விதி. விதி செய்தவர்கள் முட்டியைப் பற்றி யோசிக்கவில்லை; யோசித்திருந்தால் அதற்கும் ஒரு விதி செய்திருப்பார்கள்.

நவம்பர் முதல் தேதிக்குள் அவள் புது உரிமம் வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் அவளுடைய பொறித்தடம், அதாவது மூன்று ஓடையும் ஏழு ஏரியும் அவள் கையால் கட்டிய மரவீடும், காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும். அவர் தெற்கே வின்னிபெக் நகரத்தில் ஒரு பல் டாக்டர். மரவீட்டு ஜன்னலுக்கு என்ன நிறத் திரைச்சீலை எடுப்பாக இருக்கும் என்று விசாரித்து அலுவலகத்துக்கு ஏற்கெனவே ஒரு கடிதம் போட்டிருந்தார்.

தம்பி அம்ப்ரோஸின் வண்டியில் ஏறி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே திறன் மேம்பாட்டு ஒருங்கிணைப்பாளர் பிரெஸ்டன் ஹால்வர்சன் உட்கார்ந்திருந்தார். அறைக்குள் வெப்பம் நன்றாகவே இருந்தும், தொப்பியில் உரோமக்கரை வைத்த புது மேலங்கியைக் கழற்றாமல் இருந்தார். அந்த வருஷம் தெற்கே எல்லோரும் அதைத்தான் போட்டார்கள். அந்த உரோமம் பிளாஸ்டிக் என்பது வெர்னாவுக்கு வாசலிலிருந்தே தெரிந்தது.

"நாப்பது வருஷமா பொறி வைக்கிறேன் தம்பி. எனக்கு என்ன தெரியாதுன்னு படிக்கச் சொல்றீங்க?"

"முதல்ல, 'பொறி வைக்கிறது'ன்னு சொல்லக் கூடாதும்மா. உரோம வள அறுவடைன்னு சொல்லணும்."

"சரி, அறுவடை. எனக்குத் தெரியுமே!"

"தெரிஞ்சிருந்தது. மார்ச் முப்பத்தொண்ணோட முடிஞ்சுபோச்சு."

"எனக்கு அடிபட்டது முட்டியில. மூளையில இல்ல."

பிரெஸ்டன் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். "உறுப்பு வாரியா கேக்க இதுல இடமில்லம்மா."

ஆக, மூன்று கட்டம். படிப்பு, வழிகாட்டியின் கீழ் இருபது மணி நேரப் பயிற்சி, செய்முறைத் தேர்வு.

படிப்பு மூன்று நாள். இலவசக் காபியும் டோனட்டும் உண்டு என்று கேள்விப்பட்டு அம்ப்ரோஸும் பெயர் கொடுத்தான். ஊருக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். மீன் அறுத்தாலே தலை சுற்றும். ஓடையில் அணை கட்டி வாழும், உரோமத்துக்காகப் பிடிக்கப்படும் பீவருக்குப் பாடப் புத்தகத்தில் 'முதன்மைப் பங்குதாரர்' என்று பெயர். பங்குதாரருக்கு மன உளைச்சல் தராமல் அணுகுவது எப்படி என்று ஒரு முழு அத்தியாயம் இருந்தது. வெர்னா இரண்டு முறை படித்தாள். பீவர் இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எங்கேயும் இல்லை.

அடுத்தது வழிகாட்டி. அங்கீகரிக்கப்பட்டவர் பட்டியலை வேறொரு பிரிவு வைத்திருந்தது. அந்தப் பிரிவில் அனுபவம் காலாவதியாகும் வழக்கம் இல்லை. பைக் முனை வட்டாரத்துக்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. வெர்னா லிங்க்லேட்டர்.

"அது நான்தான் தம்பி."

"ரொம்ப நல்லதாப் போச்சு. அலைய வேண்டியதில்ல."

இருபது மணி நேரம் வெர்னா வெர்னாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள்; கூட உட்கார்ந்திருந்த அம்ப்ரோஸுக்கும் அது கணக்கில் சேர்ந்தது. மதிப்பீட்டுப் படிவத்தில் வழிகாட்டிக்கு வலது கையாலும் பயிலுநருக்கு இடது கையாலும் கையெழுத்துப் போட்டாள். பொய் எழுதிப் பழக்கமில்லாதவள் என்பதால், 'பயிலுநரின் குணம்' என்ற இடத்தில், 'பிடிவாதக்காரி. யார் சொன்னாலும் கேட்க மாட்டாள்' என்று உள்ளதை எழுதினாள்.

நாலாம் நாள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. வழிகாட்டிக்கும் பயிலுநருக்கும் இடையே கருத்து வேறுபாடு இருப்பதாகத் தெரியவருவதால் சமரசக் கூட்டம் நடத்தப்படுமாம். எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"வழிகாட்டி முதல்ல பேசட்டும்" என்றார் பிரெஸ்டன்.

வெர்னா இடது நாற்காலியில் உட்கார்ந்தாள். "இவகிட்ட பேசி ஆகாது தம்பி."

"இப்ப பயிலுநர்."

நொண்டிக்கொண்டே எதிர் நாற்காலிக்குப் போனாள். "இவளுக்கு எல்லாம் தெரியும்னு நெனப்பு. எனக்கும் அதெல்லாம் தெரியும்."

பிரெஸ்டன் இரண்டையும் குறித்துக்கொண்டார். இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாகவும், இருவரும் கைகுலுக்கிக்கொள்ளுமாறும் தீர்ப்பானது. வெர்னா தன் கையைத் தானே பிடித்துக் குலுக்கினாள். கண்ணாடிக்கு வெளியே அம்ப்ரோஸ் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

செய்முறைத் தேர்வு அக்டோபர் ஐந்தாம் தேதி நடந்தது. மேசைமேல் ஒரு பீவர் மல்லாக்கப் படுத்திருந்தது. துணியில் தைத்து உள்ளே பஞ்சு அடைத்தது. தேர்வு எழுதுகிறவர்கள் ரத்தம் பார்த்துப் பயப்படக் கூடாது என்று தலைமையகம் அனுப்பியிருந்தது.

"தோலை உரிங்கம்மா."

வெர்னா கத்தியை எடுத்தாள். மோவாயிலிருந்து வால் வரை ஒரே கோடு. நாற்பது வருஷத்துக் கோடு, ஒரு நூல் பிசகவில்லை. பஞ்சு பொங்கி மேசையெல்லாம் பரவியது.

பிரெஸ்டனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னம்மா பண்ணிட்டீங்க! இந்தப் பக்கம் ஜிப் இருக்கே!"

"பீவருக்கு ஏது தம்பி ஜிப்பு?"

"இந்த மாவட்டத்துல எல்லா பீவருக்கும் உண்டு."

வெர்னா தேறவில்லை. அரசு உபகரணத்தைக் கிழித்த குற்றத்துக்கு அதைத் தைத்துக் கொடுக்கும்படி உத்தரவானது. தைத்தாள். அடுத்து வந்த அம்ப்ரோஸ் ஜிப்பை ஏழு நொடியில் திறந்தான். மாவட்டத்திலேயே அதுதான் சாதனை என்று கைதட்டி, அங்கேயே உரிம அட்டையைக் கையில் கொடுத்தார்கள்.

"ஏண்டா, உயிருள்ள பீவரை நீ பார்த்திருக்கியா?"

"லாரியில போறப்ப பார்த்திருக்கேன்க்கா. பார்க்க நல்ல மனுஷனாத்தான் இருந்துச்சு."

மறுதேர்வு இருபத்தெட்டாம் தேதி; பத்து நொடிக்குள் ஜிப்பைத் திறந்தாக வேண்டும். அதில் தவறினால் பல் டாக்டர்தான். அன்று வெர்னா வீடு வந்து சேர்ந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டேய், உன் மேலங்கியக் கழட்டுடா" என்றாள். நல்ல நீளமான ஜிப் அது.

அன்றிலிருந்து பயிற்சி. காலையில் நூறு தடவை, தேநீர் குடித்தபின் நூறு தடவை, வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டே நூறு தடவை. அம்ப்ரோஸ் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான்.

"பதினாலு நொடி. ஃபெயில்."

"முட்டி வலிக்குதுடா."

"ஜிப்புக்கு எதுக்குக்கா முட்டி? இடது கையால கழுத்தைத் தடவு. கொக்கி கிடைச்சதும் இழு. யோசிக்காத. யோசிச்சா கத்தி ஞாபகம் வந்துரும்."

யோசிக்காமல் இருக்க அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. இருபத்தெட்டாம் தேதி, தான் தைத்த அதே பீவரின் ஜிப்பை ஆறு நொடியில் திறந்தாள். பிரெஸ்டன் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

"பார்த்தீங்களாம்மா, முறையா கத்துக்கிட்டா வராதது எதுவுமே இல்ல."

வெர்னா உரிம அட்டையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். மூன்று ஓடையும் ஏழு ஏரியும் அவளிடமே இருந்தன. பல் டாக்டருக்கு வருத்தம் தெரிவித்து அலுவலகம் கடிதம் அனுப்பியது.

நவம்பர் முதல் தேதி காலையில் தடத்துக்குப் போனாள். முட்டிக்குத் துணையாக அம்ப்ரோஸும் வந்தான். ஓடை விளிம்பில் மெல்லிசாகப் பனிக்கட்டி கட்டியிருந்தது. பீவர் எங்கே போகும், எங்கே வரும் என்று அவளுக்கு அத்துப்படி; பொறியை இறக்கினாள். மறுநாள் காலை, கம்பளிப் போர்வை அளவுக்குப் பெரிய பீவர் ஒன்று கிடைத்தது. மரவீட்டு முற்றத்தில் அதை மல்லாக்கப் போட்டு மண்டியிட்டாள். இரண்டு வருஷம் ஏங்கிய நாள் இதுதான்.

வலது கையில் கத்தி இருந்தது. இடது கை பீவரின் கழுத்தைத் தடவியது. மெல்ல வயிற்றுக்கு இறங்கி வால் வரை போனது. மறுபடி கழுத்துக்கு வந்தது.

"என்னக்கா தேடுற?"

வெர்னா தன் விரல்களைப் பார்த்தாள். அவை உரோமத்துக்குள் நுழைந்து, கொக்கியை இன்னும் தேடிக்கொண்டிருந்தன. நாற்பது வருஷத்தில் முதல் முறையாகத் தன் கையைப் பார்த்தே அவளுக்குப் பயம் வந்தது.

அம்ப்ரோஸ் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தான்.

"பதினோரு நொடிக்கா" என்றான். "ஃபெயில்."