மிளகு மூட்டையும் போக்கர் மூஞ்சியும்

அன்புள்ள மாப்பிள்ளை செந்தில்நாதன் அவர்களுக்கு, கொல்லிமலை திருப்புலி நாட்டிலிருந்து மாமனார் செங்கோட்டையன் எழுதுவது. இங்கே உங்கள் அத்தை பாவாயி சுகம், ஆடுகள் சுகம். என் சுகத்தைப் பற்றிக் கடைசிவரை படித்துவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது எனக்குப் போக்கர் சொல்லிக் கொடுத்தீர்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து, ஜோடியைவிட ஒரே மாதிரி மூன்று பெரிது, தேறாது என்றால் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும் என்பதெல்லாம் புரிந்தது. பந்தயத்துக்கு வைத்த மொச்சையை எல்லாம் நீங்களே ஜெயித்ததையும், அத்தை அதையே குழம்பு வைத்து உங்களுக்கே போட்டதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால், "சீட்டு கெடக்குதுங்க மாமா, மூஞ்சியிலதான் ஆட்டமே இருக்குது. ஒண்ணையும் காட்டிக்காதீங்க" என்றீர்களே, அங்கேதான் வினை பிடித்தது.

என் மூஞ்சி உங்களுக்குத் தெரியும். மிளகு வியாபாரி ராசப்பன் வருஷா வருஷம் அதைப் பார்த்துத்தான் விலை போடுகிறார். போன வருஷம் அவர் ஒரு விலை சொன்னதும் எனக்குப் பல் தெரிந்துவிட்டது. உடனே, அது நயம் மிளகுக்கு அண்ணே, உங்களுதுக்கு இல்லை என்று இறக்கிவிட்டார். ஏணி வைத்துப் பறித்து, வெயில் பார்த்துக் காயவைத்து, கடைசியில் சொந்த மூஞ்சியே காட்டிக் கொடுத்தால் மனுஷனுக்கு எத்தனை அலுப்பாக இருக்கும், சொல்லுங்கள். இந்த வருஷமாவது அவரிடம் தோற்கக் கூடாது என்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் வருவதாகச் சொல்லியிருந்தார். விடிந்ததும் வாசலில் நாற்காலி போட்டு, மூஞ்சியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். காப்பி வேணுமா என்று அத்தை கேட்டாள். வாயைத் திறந்தால் கலைந்துவிடும் என்று பேசவில்லை. பக்கத்து ஊட்டுக் கண்ணாயி வந்து என்னங்க ஆச்சு என்றாள், அதற்கும் பேசவில்லை. பெரக்கரை நாட்டில் என் பெரியம்மா பாப்பாயி காய்ச்சலில் கிடந்தது ஊருக்கே தெரியும். கண்ணாயி என்னை இன்னொரு தரம் பார்த்தாள், கிழவி போய்ச் சேர்ந்துவிட்டது என்று முடிவு கட்டினாள், வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் வாசல் நிறைய ஜனம், எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. விலை என்ன ஆகிறதென்று பார்க்க வந்திருக்கிறார்கள் போல என்று நான் இன்னும் இறுக்கினேன்.

ராசப்பன் டெம்போவிலிருந்து இறங்கிக் கூட்டத்தைப் பார்த்தார், யாரோ காதில் என்னவோ சொன்னார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார். விலை பேசவே இல்லை. எழவு ஊட்டில் யார் விலை பேசுவார்கள்? நானோ, அடடா, இந்த ஆளும் எங்கேயோ போக்கர் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் பெருமூச்சு விட்டார். நான் அதற்கு மேலே ஒன்று விட்டேன். அவர் என் கையைப் பிடித்தார், நான் அசையவில்லை. கடைசியில் போய்ட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர் சொல்லிக்கொள்ளக் கூடாது, அதனால் அப்படிப் போனார். நான் பாவி, சீட்டைக் கவிழ்த்துவிட்டார், ஜெயித்துவிட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். டெம்போ வெறுமனே கிளம்பிப் போன பிறகுதான் மூட்டைகள் உள்ளேயே கிடப்பது உறைத்தது.

எங்கள் ஊட்டில் எழவு என்று சேதி கேட்டு, மத்தியான பஸ்ஸில் பெரியம்மாவே வந்து இறங்கியது, கையில் கோடித்துணியோடு. காய்ச்சல் விட்டு மூன்று நாளாயிற்றாம். "ஏஞ்சாமி, யாருக்கு என்னாச்சு? ஒருத்தரும் பேரச் சொல்ல மாட்டேங்கறாங்களே" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதது.

எனக்கு அலுத்துவிட்டது மாப்பிள்ளை. இந்த மூஞ்சி சிரித்தால் விலை இறங்குகிறது, சிரிக்காவிட்டால் எழவு விழுகிறது. மிளகு அப்படியே கிடக்கிறது. இனிமேல் சீட்டுக்கட்டோடு மலையேற வேண்டாம். வெறுங்கையோடு வாருங்கள், கோழி அடித்துப் போடுகிறோம். நீங்களும் மகள் வனிதாவும் முகம் வாடாமல் நூறு வருஷம் இருக்க அறப்பளீஸ்வரர் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு, களைத்துப்போன மாமன்,
செங்கோட்டையன்.

பி.கு.: கவரை ஒட்டும் முன் ஒரு சேதி. எழவு ஊட்டுக்கு வியாபாரமாக வந்து நின்றோமே என்று மனசு கேட்காமல் ராசப்பன் இன்றைக்குத் திரும்பி வந்தார். உங்கள் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றாளாம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். அவராகவே ஒரு விலை சொல்லி, இவள் மூஞ்சியைப் பார்த்து ஏற்றி, மறுபடியும் ஏற்றி, நான் கேட்க நினைத்ததற்கும் மேலே கொடுத்து எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார். அடுத்த முறை சீட்டுக்கட்டைக் கட்டாயம் கொண்டு வரச் சொல்கிறாள். நடந்ததை நான் பார்க்கவில்லை. டெம்போ சத்தம் கேட்டதுமே, பெரியம்மா உயிரோடு இருக்கிறது என்று அதையும், என் மூஞ்சியை நம்ப முடியாது என்று என்னையும் ஆட்டுப்பட்டியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டாள்.