அப்பா வீட்டில் இல்லை என்பதற்கான அத்தாட்சி

இராணுவத்தில் சேவை செய்த தகப்பன், தனக்குச் சேரவேண்டிய கல்விச் சலுகையைத் தன் பிள்ளைக்குக் கைமாற்றலாம் என்று விதி பெருந்தன்மையோடு சொல்கிறது. பிள்ளை ஒன்றே ஒன்றை நிரூபித்தால் போதும். தகப்பன் சேவைக்குப் போன நாட்களில், அவர் வீட்டில் இல்லாத குறையை அது அனுபவித்திருக்க வேண்டும்.

சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான ஷ்லீரனில் வசிக்கும் தவச்செல்வன், சுவிஸ் இராணுவத்தில் வருடத்துக்கு மூன்று வாரம் வீதம் பல வருடம் சமையல் பொறுப்பாளராக இருந்தவர். மகள் ரிஷானிக்கு அம்புலன்ஸ் சேவைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சலுகைக் கடிதம் கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

கைமாற்ற அலுவலகத்தில் இருந்த அதிகாரி சுமித்ரா, சூரிச்சில் பிறந்த தமிழ்ப்பிள்ளை. தவச்செல்வனுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. எங்கள் பிள்ளைகள் சுவிஸ்காரரைவிடப் பெரிய சுவிஸ்காரர் என்பதை அவர் அந்த நேரம் மறந்துவிட்டார்.

ரிஷானியின் பிறந்தநாளும், அவள் பெரியபிள்ளையான சாமத்தியவீடும் அவருடைய சேவை நாட்களில்தான் வந்தன. ஆகவே அவர் அங்கே இல்லை என்பதற்கு ஆல்பங்களை ஆதாரமாகக் கொடுத்திருந்தார். சுமித்ரா புரட்டினாள். படத்துக்குப் படம் தவச்செல்வன் பட்டுவேட்டியோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

படம் எடுத்தவர் பிறகு கொம்பியூட்டரில் ஒட்டியது என்று அவர் விளக்கினார். எங்கள் விழாக்களில் இது நடைமுறை. கனடாவில் இருக்கும் மாமனும், போன வருடம் காலமான பெரியப்பாவும்கூடக் கேக் வெட்டும்போது பின்னால் நிற்பார்கள். ஆள் குறைந்தால் சபையில் மரியாதை இல்லை.

"எனக்கு விளங்குது அங்கிள். என்ர ஆல்பத்திலயும் அப்பாவை ஒட்டித்தான் வச்சிருக்கினம். ஆனா படிவத்தில அதை எழுத இடமில்லை."

பிறகு அவள் நிலைமையை மிகுந்த மரியாதையுடன் எடுத்துரைத்தாள். படம் உண்மையென்றால் அவர் முகாமை விட்டு ஓடியவர். சலுகை இல்லை, விசாரணை உண்டு. படம் பொய்யென்றால் போலி ஆவணம் கொடுத்தவர். அதற்கும் சலுகை இல்லை, விசாரணை உண்டு. இரண்டில் எது வசதி என்று கேட்டாள்.

சுமித்ராவுக்கு மனம் கேட்கவில்லை. விதிப் புத்தகத்தைத் துழாவி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆதாரத்துக்குப் பிள்ளையின் வாக்குமூலமே போதும்; ஆல்பங்களைக் கணக்கில் எடுக்காமல் திருப்பித் தந்துவிடலாம்.

"அப்பா ஆமிக்குப் போன கிழமையளில உங்களுக்கு என்ன குறை இருந்தது?" என்று தகப்பனோடு வந்திருந்த ரிஷானியிடம் கேட்டாள்.

ரிஷானி பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அப்படித்தான் வளர்த்தோம் என்று தவச்செல்வனே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர்.

"குறை எண்டு ஒண்டுமில்லை. மற்ற நாளிலயும் அப்பா விடிய கிளீனிங், பின்னேரம் ரெஸ்ரோரண்ட். நான் படுத்தாப் பிறகுதான் வருவார். ஆமிக்குப் போனா மட்டும் ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுத்துக் கதைப்பார். எப்ப போவார் எண்டு பாத்துக்கொண்டிருப்பன்."

சுமித்ரா எழுதினாள்: 'சேவையால் பிள்ளைக்கு ஏற்பட்ட குறை: இல்லை. நன்மை: நாளொன்றுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

"வாசிச்சுப் பாத்துக் கையெழுத்து வையுங்கோ அங்கிள். பிழை இருந்தாச் சொல்லுங்கோ, திருத்தலாம்."

தவச்செல்வன் இரண்டு தரம் வாசித்தார். பிழை ஒன்றும் இல்லை. கையெழுத்து வைத்தார்.