மீன் வரும் என்பதற்கு அத்தாட்சி

ஒரு மனைவி தன் கணவனுக்குச் சோறு போடக்கூடியவள்தானா என்று அரசாங்கம் விசாரித்துத் தெரிந்துகொள்வதில் யாரும் குறை காண முடியாது. நாட்டுக்குள் வருகிறவர் பசியோடு தெருவில் நின்றால் அவமானம் அரசாங்கத்துக்குத்தான். ஆகவே, வெளிநாட்டிலிருந்து துணையை அழைத்துக்கொள்ள விரும்புகிறவர் ஆண்டுக்கு இவ்வளவு சம்பாதிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்குக் குடும்பம் உண்டு. கீழே இருப்பவர்களுக்குத் தொலைபேசி உண்டு.

இந்த ஏற்பாட்டில் ஜோனலின் பாஸ்குவாவுக்கு முழு நம்பிக்கை இருந்தது. அலாஸ்காவில் கோடியாக் தீவின் மீன் ஆலையில், மீனை அறுத்துக் கழுவும் வரிசையில் நிற்கிறவள் அவள். பிலிப்பைன்ஸில் இலோகோஸ் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் வந்து, குடியுரிமையும் வாங்கிவிட்டாள். கணவன் வில்மர் இன்னும் ஊரில் இருந்தான். படகு மோட்டார் பழுது பார்ப்பது அவன் தொழில். கூலி கேட்கக் கூச்சப்படுவது அவன் சுபாவம். ஆகவே மாதா மாதம் ஜோனலின் அனுப்புகிற பணத்தில்தான் அவன், அவன் அம்மா, படிக்கிற தம்பி தங்கைகள் மூன்று பேர், கால் ஊனமான மாமா ஒருவர், அவர் மனைவி, எல்லோரும் சாப்பிட்டார்கள். ஒரு பன்றியும் சாப்பிட்டது.

எனவே அவளுடைய ஆண்டு வருமானம் கோட்டுக்கு நானூறு டாலர் கீழே இருக்கிறது என்று விசா மையத்திலிருந்து கடிதம் வந்தபோது, கணக்கில் ஏதோ தவறு என்றுதான் நினைத்தாள். உடனே தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒரு மணி நேரம் இசை கேட்ட பிறகு திரு. பிரைஸ் என்கிற அதிகாரி கிடைத்தார்.

"மேடம், உங்க கணவர் இங்க வந்தா அவரை உங்களால காப்பாத்த முடியும்னு எங்களுக்குத் தெரியணும்."

"இப்பவும் நான்தானே சார் காப்பாத்துறேன்? அங்க ஏழு பேர் என் சம்பளத்துலதான் சாப்பிடுறாங்க."

"அது வெளிநாட்டுல சாப்பிடுறது மேடம். கணக்குல வராது."

"அவர் இங்க வந்தா ஒருத்தர்தானே சார் சாப்பிடுவாரு?"

"அந்த ஒருத்தருக்குத்தான் போதாதுன்னு எழுதியிருக்கோம்."

அவர் கடுமையான மனிதர் அல்ல. கோப்பைப் புரட்டிப் பார்த்து, அக்கறையோடு கேட்டார். "உங்க வருமானம் ஒரு வருஷம் கோட்டுக்கு மேல ஏறுது, அடுத்த வருஷம் இறங்கிடுது. மறுபடி ஏறுது, மறுபடி இறங்குது. ஏன் இப்படி?"

"மீன் அப்படி வருது சார்."

கோடியாக்கில் இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். இங்கே பெருவாரியாகப் பிடிபடுகிற சிறு சால்மன் சரியாக இரண்டு வருடம்தான் வாழும். ஒற்றைப்படை ஆண்டில் கடல் கொள்ளாமல் வரும். ஆலை இரவு பகலாக ஓடும். கை வீங்க வீங்கக் கூடுதல் நேரக் கூலி கிடைக்கும். இரட்டைப்படை ஆண்டில் மீன் தலையைக் காட்டிவிட்டுப் போகும். இது ஒற்றைப்படை ஆண்டு. ஆனால் மையம் பார்ப்பது போன ஆண்டின் வரிக் கணக்கை. நல்ல ஆண்டின் கணக்கை அவள் போன வசந்தத்திலேயே அனுப்பியிருந்தாள். அது வரிசையில் காத்திருந்து மேசைக்கு வந்து சேர்ந்தபோது பழைய கணக்காகிவிட்டது.

"மீன் ஏன் மேடம் அப்படி வருது?"

"ரெண்டு வருஷத்துல முட்டை போட்டுட்டுச் செத்துப்போகுது சார்."

"செத்துப்போனா அடுத்த தடவை எப்படி வரும்?"

"அதோட பிள்ளைங்க வரும்."

"பிள்ளைங்க வரும்ங்கிறதுக்கு உங்களை வேலைக்கு வெச்சிருக்கிறவங்க எழுத்துல கொடுப்பாங்களா?" என்று கேட்டார் திரு. பிரைஸ்.

ஜோனலின் சிரிக்கவில்லை. அவள் வயிற்றில் ஆறு மாதக் குழந்தை இருந்தது. போன குளிர்காலத்தில் ஆலை மூடியிருந்தபோது ஊருக்குப் போய் வந்தாள். திரும்பி வந்தது தனியாக அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. அதையும் சொன்னாள்.

"வாழ்த்துகள் மேடம். குழந்தை பிறந்த அன்னிக்கு உங்க வீட்டுல ஆள் கூடுது. கோடும் ஆறாயிரத்துச் சொச்சம் மேல போயிடும்."

"அப்போ நான் இன்னும் அதிகமா வேலை செய்யணுமா?"

"ஆமா."

"குழந்தையை யார் சார் பார்த்துக்கிறது?"

"உங்க கணவர் பார்த்துக்கலாமே."

"அவரை உள்ள விடுங்க, பார்த்துப்பாரு."

"வருமானம் வந்ததும் விட்டுடுவோம் மேடம்."

திரு. பிரைஸ் அவளுக்கு இனிய நாள் அமைய வாழ்த்தித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஆலை அலுவலகத்தில் திருமதி ஹாக்லண்ட் முப்பது வருடமாகக் கடிதம் எழுதுகிறவர். ஜோனலின் விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் உழைப்புக்கு நான் கையெழுத்து போடுவேன் பொண்ணு. மீனுக்கு எப்படிப் போடுறது?" இருந்தாலும் இளகிய மனசு. யோசித்து யோசித்து ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தார்: 'மீன் வரும் என இந்நிறுவனம் உறுதியாக எதிர்பார்க்கிறது. மீன் வராத பட்சத்தில் மேற்படி எதிர்பார்ப்பு செல்லாது.'

மூன்றாம் வாரம் பதில் வந்தது. நிபந்தனைக்கு உட்பட்ட மீன் ஏற்கப்பட மாட்டாது. தம் வருமானத்தைக் காட்டிக் கையெழுத்திடும் கூட்டுப் பொறுப்பாளர் ஒருவரைக் கொண்டுவரவும்.

கழுவும் வரிசையில் பக்கத்தில் நிற்கிற பெர்லிட்டா அக்கா கத்தியை நிறுத்தாமலே சொன்னாள். "இதுக்குப் போயா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கிற? நிக்கனோர் அண்ணன் எதுக்கு இருக்காரு?"

நிக்கனோர் டாபியோஸ் ஆலைத் தளத்தின் மேற்பார்வையாளர். பெரிய வீடு, இரண்டு வண்டி, மீசை. தீவில் நம் பிலிப்பைன்ஸ் ஜனங்கள் வீட்டுத் திருமணம் எதுவானாலும் சாட்சியாக நிற்கிற ஞானத்தந்தை அவர்தான். ஞானத்தந்தையாக நின்றவரிடம் ஒரு உதவி கேட்டால் அவர் மறுக்கக் கூடாது. மறுத்தால் அவரால் கோயில் பக்கம் தலைகாட்ட முடியாது. ஜோனலின் கல்யாணத்துக்கும் அவர்தான் இலோகோஸ் வரை விமானம் ஏறி வந்து நின்றார்.

ஞாயிறு பூசை முடிந்து, இறைச்சி வைத்துச் சுருட்டிய லும்பியா ஒரு தட்டு பொரித்து எடுத்துக்கொண்டு போனாள்.

"இதுக்கு எதுக்குத் தங்கச்சி லும்பியா?" என்றார் நிக்கனோர், ஒன்றை எடுத்துக் கடித்தபடி. "கொண்டா பேனாவை. என் மக ரோசெல் சியாட்டில்ல படிக்கிறா. நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா நீங்கள்லாம் ஓடி வர மாட்டீங்களா?"

"அவ கேக்கவே வேணாம் அண்ணே. நான் முதல் ஆளா நிப்பேன்."

கையெழுத்துப் போட்டார். வழியெல்லாம் ஜோனலின் அழுதுகொண்டே வீடு வந்தாள், சந்தோஷத்தில்.

பதில் நிக்கனோர் பெயருக்கே வந்தது. திரு. டாபியோஸ் ஏற்கெனவே பன்னிரண்டு பேருக்குப் பொறுப்பேற்றிருக்கிறார். அவர்கள் குடியுரிமை பெறும் வரையிலோ, பத்தாண்டு உழைத்து முடிக்கும் வரையிலோ, இறக்கும் வரையிலோ அவருடைய குடும்பத்தினராகவே கருதப்படுவர். அவரையும் மனைவியையும் சேர்த்துப் பதினான்கு பேர் கொண்ட அந்தக் குடும்பம் இப்போதுள்ள வருமானத்தில் பதினைந்தாமவரைத் தாங்கும் நிலையில் இல்லை.

"பதினாலு பேரா?" என்றாள் அவர் மனைவி. "அப்போ நேத்து அத்தனை பாத்திரத்தையும் நான் ஏன்யா ஒருத்தியா கழுவினேன்?"

நிக்கனோர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல செலெஸ்தினோ பேரும் இருக்கே! பொண்டாட்டிய விட்டுட்டு ரினோ ஊருக்குச் சூதாட ஓடினவன். அவனைப் பார்த்தே ஏழு வருஷமாச்சு. விவாகரத்தே ஆயிடுச்சே!"

"விவாகரத்து போதாதாம் அண்ணே" என்றாள் ஜோனலின், கீழே சிறிய எழுத்தில் இருந்ததைப் படித்து. "செத்திருக்கணுமாம்."

அவ்வளவு பெரிய மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தீவிலேயே பெரிய வீட்டுக்காரர், ஆளுக்கு ஆள் வகுத்துப் பார்த்தால், கழுவும் வரிசையில் நிற்கிறவளைவிட ஏழை என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

மற்றவர்களைக் கேட்டுப் பார்த்தாள். பாதிரியார் சபைக்குக் கட்டுப்பட்டவர், சொந்த வருமானம் கிடையாது. கடைக்காரர் தன் அண்ணன் மகன்கள் நான்கு பேருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். பெர்லிட்டா அக்கா தன் மச்சானுக்குப் போட்டிருந்தாள். அவன் இன்றுவரை ஒரு நன்றி சொன்னதில்லை. யார் கொஞ்சம் நல்லவர் என்று கேள்விப்பட்டுப் போனாலும், அந்த நல்லதனத்தாலேயே அவர் தகுதியிழந்திருந்தார்.

ஆகஸ்ட் வந்தது. எதிர்பார்த்ததைவிட அதிகமாக மீன் வந்தது. மலை மலையாகக் கொட்டியது. எட்டு மாத வயிற்றோடு, மேடையில் சாய்ந்து நின்று ஜோனலின் மீன் கழுவினாள். இந்த ஆண்டு அவள் கோட்டுக்கு வெகுதூரம் மேலே இருந்தாள். ஆனால் அது அடுத்த ஆண்டுதான் அரசாங்கத்துக்குத் தெரியும். அதற்குள் கோடு ஏறியிருக்கும், குழந்தையோடு அவள் வீட்டில் இருப்பாள்.

சாப்பாட்டு இடைவேளையில் பெர்லிட்டா அக்கா மையத்தின் விளக்கத் தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தாள். "'கூட்டுப் பொறுப்பாளர் என்பவர் நிலையான வருமானம் உடையவராகவும், பிறர்பொருட்டு எவ்விதப் பொறுப்பும் ஏற்றிராதவராகவும், நம்பத்தக்கவராகவும் இருத்தல் சிறப்பு.'" சோற்றை விழுங்கிவிட்டு நிமிர்ந்தாள். "அடியே, இது யூசெபியோவப் பார்த்து எழுதினதாட்டம் இருக்கே!"

குளிர்கிடங்குப் பொறுப்பாளர் யூசெபியோ கலினாத்தோவைத் தீவில் யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. ஒரு கல்யாணத்துக்கும் ஞானத்தந்தையாக நின்றதில்லை, ஒரு சாவுக்கும் ஒரு டாலர் போட்டதில்லை. என்ன கேட்டாலும் "யோசிச்சுச் சொல்றேன்" என்பார். இருபது வருடத்துக்கு முன் கேட்டவர்களுக்கே இன்னும் சொல்லவில்லை.

கிடங்கு வாசலில் நின்று ஜோனலின் கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். வரப்போகிற வார்த்தை தெரிந்ததால் அவள் அவசரமாக விளக்கத் தாளை நீட்டினாள். "நானா வரல அண்ணே. கவர்மென்ட்டே உங்களைத்தான் சொல்லுது."

யூசெபியோ வாங்கிப் படித்தார். உதடு அசைய இன்னொரு முறை படித்தார்.

"நம்பத்தக்கவர்னு போட்டிருக்கா?"

"ஆமாண்ணே."

"என்னையா?"

"இந்தத் தீவுல இதுல சொன்ன மாதிரி வேற யாரு இருக்கா?"

முப்பது வருடத்தில் முதல்முறையாக ஒருவர் தன்னைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. கையுறையைக் கழற்றினார். பேனாவை அவரே எடுத்தார்.

மணிலாவில் வில்மரை நேர்காணல் செய்த அதிகாரி யூசெபியோவின் தாள்களைப் பார்த்துப் புன்னகைத்தாராம். இப்படித் தூய்மையான ஒரு மனிதரைத் தாம் நெடுநாளாகப் பார்த்ததில்லை என்றாராம். குழந்தை பிறந்த பத்தாம் நாள், கொட்டுகிற மழையில், பெரிய அட்டைப் பெட்டி ஒன்றோடு வில்மர் வந்து இறங்கினான். மகளைக் கையில் வாங்கியவன் நெடுநேரம் கொடுக்கவே இல்லை.

அதன்பின் தீவில் காற்று மாறியது. விருந்துகளில் யூசெபியோவுக்கு நடு நாற்காலி போட்டார்கள். இளவட்டங்கள் "நான் இன்னும் சுத்தமா இருக்கேன், ஒருத்தருக்கும் போடல" என்று பெருமையடித்தார்கள். பெண் பார்க்கப் போனவர்கள் பையன் குடிப்பானா என்று விசாரிப்பதை விட்டு, யாருக்காவது கையெழுத்துப் போட்டிருக்கிறானா என்று விசாரித்தார்கள். ஜோனலின் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தந்தை கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. இதில் கையெழுத்து ஏதும் இல்லை என்று பாதிரியார் பலிபீடத்திலிருந்தே இரண்டு முறை அறிவித்த பிறகும் முன்வந்தவர் நிக்கனோர் ஒருவர்தான்.

வில்மருக்கு ஆலையிலேயே இயந்திரப் பழுது வேலை கிடைத்தது. இரண்டு சம்பளம், மூன்று பேர். ஜோனலின் வாழ்க்கையில் முதல்முறையாகக் கோட்டுக்கு மேலே காலை நீட்டிப் படுத்தாள்.

அடுத்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டியவர் நிக்கனோர். கையில் லும்பியாத் தட்டு.

"ரோசெல் ஊருக்குப் போய் செபு தீவுல ஒரு பையனைக் கட்டிக்கிட்டா தங்கச்சி" என்றார். மீசை முன்போல நிமிர்ந்து இல்லை. "படிக்கிற பொண்ணு, அவளுக்கு ஏது வருமானம்? என் நிலைமை உனக்கே தெரியும். அந்த செலெஸ்தினோ இன்னும் ரினோவுல நல்லா இருக்கானாம்."

வில்மர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜோனலினைப் பார்த்தான். அவள் தட்டை வாங்கி மேசையில் வைத்தாள். குழந்தையைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தாள், இரட்டைப்படை ஆண்டு.

"உங்களுக்கு இல்லாமலா அண்ணே" என்று தொடங்கினாள். "ஆனா இந்த வருஷம் மீன் எப்படி வரும்னு தெரியலையே."

நிக்கனோர் ஈர மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"யோசிச்சுச் சொல்றேன் அண்ணே" என்றாள் ஜோனலின்.

"சரிம்மா" என்றார் அவர். "நீயாவது சுத்தமா இரு." குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

லும்பியாவை வில்மர் தொடவில்லை. மறுநாள் அவளே தட்டைக் கழுவித் துடைத்து வைத்தாள். உணவோடு வந்த தட்டை வெறும் தட்டாகத் திருப்பித் தருவது நம் ஜனங்களிடையே வழக்கம் இல்லை. அதில் எதை வைத்துத் தருவது என்று ஜோனலின் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.