ஐந்து நிமிட மௌனம்

"வாயே திறக்கக் கூடாதும்மா. அஞ்சே நிமிஷம்," என்று சொல்லிக்கொண்டே செவிலியர் பிரஷர் பட்டையை எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளின் கையில் சுற்றினார்.

ஏதோ சொல்ல வந்த அந்த அம்மாள் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்.

அவர் நீட்டிய நாற்பத்தொன்றாம் எண் அட்டையில், இன்றும் அளவு நூற்றைம்பதைத் தாண்டினால் இரண்டாவது மாத்திரை என்று மருத்துவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். செவிலியரோ போன வாரம்தான் பயிற்சி வகுப்பில் புது ஆய்வுகளைப் பற்றிக் கேட்டிருந்தார். பேசினால் பிரஷர் ஏறும். கை தொங்கினால் ஏறும். கால் தரையில் படாவிட்டாலும் ஏறும். அவசரமாக அளந்து எத்தனை பேருக்கு வேண்டாத மாத்திரையைக் கொடுத்தோமோ என்று கடவுளிடம் மன்னிப்பும் கேட்டிருந்தார். இனி ஒரு மாத்திரைகூட வீணாக ஒருவர் வயிற்றுக்குள் போகக் கூடாது. அது அவருடைய சபதம்.

நூற்று ஐம்பத்தாறு.

நாற்காலி உயரம். அம்மாளின் கால்கள் அந்தரத்தில் ஆடின. செவிலியர் பஞ்சுப் பெட்டியைக் கீழே தள்ளி வைத்தார். கால் பட்டதும் பெட்டி அமுங்கியது. அம்மாள் சரிந்து மேசையைப் பிடித்தார்.

நூற்று அறுபத்திரண்டு.

அம்மாள் கதவைச் சுட்டிக்காட்டினார். வெளிச்சத்தம் தொந்தரவு போலும் என்று செவிலியர் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். வரிசையில் நின்றவர்கள் தட்டத் தொடங்கினார்கள். உள்ளே யாருக்கோ உயிர் ஊசலாடுகிறது என்றுகூடப் பேச்சுக் கிளம்பியது.

நூற்று எழுபது.

"நான் வந்து..." என்று ஆரம்பித்தார் அம்மாள்.

"உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். பேசினா மறுபடியும் முதல்லேருந்து வரணும்."

மின்விசிறி கீச்சிட்டது. அதையும் நிறுத்தினார். இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

நூற்று எழுபத்தெட்டு.

செவிலியருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் விடுவதாக இல்லை. விசிறியைப் போட்டார். தன்னுடைய தாழ்ந்த நாற்காலியை அம்மாளுக்குக் கொடுத்தார். தலையணைமேல் அவர் கையை வைத்து, அதைத் தன் கையால் மெல்ல மூடிக்கொண்டார். மனத்துக்குள் ஒரு சின்ன வேண்டுதல். அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். பாவம், இந்தப் பெண்ணை இன்னும் படுத்துவானேன் என்று தோன்றியதோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டார். கதவைத் தட்டுவதும் ஓய்ந்திருந்தது. ஐந்து நிமிடம் அறையில் விசிறியின் கீச்சும் மூச்சுச் சத்தமும் மட்டும்தான்.

நூற்று இருபத்தாறு.

செவிலியர் தாழை நீக்கி, அட்டையோடு அடுத்த அறைக்கு ஓடினார். மருத்துவர் சிவப்பு வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். திரும்பி வந்தபோது செவிலியரின் முகமெல்லாம் சிரிப்பு.

"தப்பிச்சீங்கம்மா. புது மாத்திரை கிடையாது. இனி எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க."

அம்மாள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு பெரியவர் தலையை நீட்டினார்.

"சிஸ்டர், பாத்ரூம்ல பெரிய கியூ, அதான் என் அட்டையை வீட்டுக்காரிகிட்ட குடுத்தனுப்பினேன், என் பிரஷரை எப்பப் பாப்பீங்க?"