டிவியைப் பார்த்து 'இல்லை' என்று கத்தியவர்

டில்லிப் பக்கமே போகாமல் டில்லி சபையை அதிகமாகத் திட்டிய மனிதர் இந்தப் பூமியிலேயே எங்கள் ஊர் பார்லிமெண்டுதான். ஏரிக்கரையில் டீக்கடை வைத்திருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. கடை டிவியில் எப்போதும் சபைதான் ஓடும். சினிமா வைக்கச் சொன்னவருக்குச் சர்க்கரை இல்லாத டீ வரும்.

பட்டாளத்துச் செலவு சபைக்கு வருகிற நாளில் அவர் பக்கத்தில் நிற்கவே முடியாது. அவருடைய தம்பி பட்டாளத்தில் இருந்தார், எங்கோ பனிமலையில் காவல்.

"இவ்ளோ துட்டு வேணும்னு பட்ஜெட்ல கேப்பாங்க. கமிட்டி ஒண்ணு குந்திப் பாக்கும். அப்பால சபையில பேசணும், ஓட்டுப் போடணும். அதுக்கப்புறந்தான் மசோதா, மேல்சபை, ஜனாதிபதி கையெழுத்து, சட்டம். இதுல பேசறத மட்டும் முழுங்கிடறானுங்க! நேரமாச்சுனு சொல்லி, பேசாத இலாகா அத்தனையும் ஒரே வலையில அள்ளி, சரியா இல்லையானு கேக்கறான். அவனுங்க சரின்றானுங்க. முடிஞ்சிபோச்சு!"

"பட்டாளத்துக்குத் துட்டே வேணான்றியா நைனா?" என்று சீண்டுவார்கள்.

"எவன்டா வேணான்னது? என் தம்பி போடற பூட்ஸு ஓட்டையா இல்லையானு ஒருத்தன் வாயத் தொறந்து கேக்கக் கூடாதா?"

சபைத் தலைவர் ஓட்டுக் கேட்கும் நொடியில் கரண்டியோடு எழுந்து டிவிக்கு நேராக "இல்லை!" என்று ஒரு கத்து கத்துவார். ஒருமுறை பால் சட்டி கவிழ்ந்தது. இன்னொருமுறை திருப்பாலைவனம் பஸ் டிரைவர் டயர் வெடித்துவிட்டது என்று இறங்கிப் பார்த்தார்.

"டிவிக்குக் காது கேக்குமா?" என்று ஊரே சிரிக்கும். நானும் முந்தானைக்குள் சிரித்திருக்கிறேன்.

எந்த வலைக்கு ஏரியில் எந்த இடம் என்று வருஷா வருஷம் சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றில் கையால் இறால் தடவுகிற பெண்களுக்குப் பாடு கிடையாது. கூட்டத்தில் ஓரமாக நிற்கலாம், அவ்வளவுதான். ஒரு வருஷம் சீட்டுப் போட்டு முடித்ததும் ஊர்த் தலைவர் தீர்மானங்களை மடமடவென்று வாசித்தார். திருவிழா சீரியல் பல்பு, ஐஸ் கொட்டகைக் கூரை, படகுத்துறைப் படி, அவற்றுக்கு நடுவே, முகத்துவாரத்து மேட்டுச் சேறு இனி வலைக்காரர்களுக்கு என்பதும்.

அந்தச் சேறுதான் எங்கள் சோறு. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்ன செய்ய, பறியைக் கடிக்காத நேரத்திலும் திறக்காத வாய் என் வாய்.

"நேரமாச்சு. எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்கலாம். சரிதானே?" என்றார் தலைவர்.

"சரி!" என்றார்கள் ஆண்கள்.

"இல்லை!"

கூட்டத்துக்கு டீ கொண்டுவந்த பார்லிமெண்டு. தூக்கை டங்கென்று தரையில் வைத்தார்.

"உனுக்கு வலை கீதா, பாடு கீதா? டீய ஊத்திட்டு நடையக் கட்டு" என்றார் தலைவர்.

"எனுக்கு ஒரு மண்ணும் இல்ல. சேத்துல கை வைக்கறவங்கள ஒரு வார்த்த கேட்டியா? தனித்தனியா எடு. அதுவரிக்கும் ஒருத்தனுக்கும் டீ கிடையாது!"

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுக்கா."

கூட்டமே என்னைப் பார்த்தது. மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. தூக்கின் மூடியைக் கையால் அழுத்திக்கொண்டு நின்றார்.

"இல்ல" என்றேன்.

"இன்னா சொல்லுது அது?" என்றார் தலைவர்.

"இல்லன்னு சொல்லுது. உனுக்கும் காது கேக்காதா? நீ இன்னா டிவியா?"

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பிலேயே என் பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக "இல்ல, இல்ல" என்றார்கள். சேற்றைத் தனியாக எடுக்க வேண்டியதாயிற்று. தனியாக எடுத்ததும் எங்களை நேராகப் பார்த்துச் 'சரி' சொல்ல ஒரு ஆளுக்கும் வாய் வரவில்லை. சேறு எங்களிடமே நின்றது. டீ ஆறிப்போயிருந்தது. தலைவருக்கு மட்டும் சர்க்கரை போடவில்லை.

போன மழைக்காலத்தில் பார்லிமெண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். கடையும் இல்லை. இந்தப் பங்குனியில் வீட்டு டிவியில் சபையை வைத்தேன். பாஷை புரியவில்லை. ஆனால் பேசாததையெல்லாம் ஒன்றாக அள்ளுகிற அந்த அவசரம் புரிந்தது.

"இல்ல" என்றேன்.

"யார்கிட்ட பேசற அத்த?" என்று உள்ளே இருந்து மருமகள் கேட்டாள்.

"சும்மாத்தான்" என்றேன். அவர் இருந்திருந்தால், இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுக்கா என்றிருப்பார்.