பிறக்காத எஞ்சினியர் மீது விசாரணை

1958-ஆம் வருஷம் புதுக்கோட்டையில் நன்னெறிப் புத்தகச் சோதனை ஆபீஸ் என்று ஒன்று நடந்துவந்தது. சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர் கதை எழுதினால் அந்த ஆபீஸின் முத்திரை வேண்டும். கதையில் நல்லவன் கடைசியில் சுகப்பட வேண்டும். கெட்டவன் கஷ்டப்பட வேண்டும். முத்திரை கிடைக்காதவர் அதற்குமேல் பேனாவைத் தொடக்கூடாது. ஜனங்களின் ஒழுக்கத்தை அவ்வளவு பத்திரமாகப் பாதுகாத்த காலம் அது.

ஆலங்குடிப் பள்ளிக்கூடத்து சயன்ஸ் வாத்தியார் ஜெய்னுலாப்தீன் பாடம் நடத்திய நேரம் போக மற்ற நேரமெல்லாம் வருங்காலத்தில் குடியிருப்பவர். மனைவி நசீரா விறகு வாங்கி வரச் சொன்னால், "இன்னும் அம்பது வருஷத்தில அடுப்புக்கு வெறகே வேணாம்" என்பார். எழுதவிடாமல் தடுத்தால் மனிதர் உடைந்துபோவார் என்று நசீராவுக்குத் தெரியும். விறகை அவளே வாங்கிக்கொள்வாள்.

அவர் எழுதிய கதை இது. 2058-இல் கடும் பஞ்சம். ஒரே ஒரு மேகம் பொன்னமராவதி மேலே வந்து நிற்கிறது. மேகம் இழுக்கும் யந்திரத்தை வைத்திருக்கும் எஞ்சினியர் அதை ஆலங்குடிக்கு இழுத்துவிடுகிறார். ஆலங்குடிப் பிள்ளைகளுக்குக் குடிதண்ணீர் கிடைக்கிறது. பொன்னமராவதியில் கடலை கருகுகிறது. எஞ்சினியர் அன்று சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறார். அவ்வளவுதான் கதை.

சோதனை அதிகாரி ஆவுடையப்பன் கதையைப் படித்துவிட்டு வாத்தியாரைக் கூப்பிட்டனுப்பினார்.

"எஞ்சினியர் நல்லவரா, கெட்டவரா?"

"வாசிக்கிறவங்க யோசிக்கட்டும்னு விட்டிருக்கேன் சார்."

"அவங்க யோசிக்க ஆரம்பிச்சா நாங்க எதுக்கு இருக்கோம்? அந்த எஞ்சினியரைக் கூட்டிட்டு வாங்க, நேர்ல விசாரிக்கிறேன்."

"அவரு இன்னும் பொறக்கலீங்க. பொறக்கவே அறுபது வருஷம் ஆகும்."

ஆவுடையப்பன் தீவிரமாக யோசித்தார். "அதுவரைக்கும் ஒத்திவைக்க ரூல்ஸில எடம் இருக்கு. ஆனா நான் ரெண்டு வருஷத்தில ரிட்டயர் ஆகணுமே" என்றார்.

எனவே எதிரியான எஞ்சினியர் இல்லாமலே விசாரணை நடத்துவது என்று முடிவாயிற்று. சாட்சி சொல்ல விரும்புவோர் ஆஜராகும்படி இரண்டு ஊரிலும் கதையைச் சொல்லித் தண்டோரா போட்டார்கள்.

பொன்னமராவதியிலிருந்து விவசாயி சேவுகன் வந்தார். "எங்க கடலை பூரா கருகிப்போச்சுய்யா. அந்தாளை விடக்கூடாது."

"அதுக்கு இன்னும் நூறு வருஷம் இருக்கே?" என்றார் ஆவுடையப்பன்.

"அதனாலதாங்க இப்பவே சொல்றோம். நடந்தபெறகு வந்தா, ஏன் லேட்டுன்னு தள்ளிவிட்ருவீக."

ஆலங்குடியிலிருந்து மருதாயி மாலையோடு வந்திருந்தாள். "அவரு மகராசனுங்க. எங்க கொடத்தை நெறைச்சவரு." எஞ்சினியர் இல்லாததால் மாலையை அவர் உட்காரவேண்டிய காலி நாற்காலிக்குப் போட்டாள்.

ஆவுடையப்பன் தலையைப் பிடித்துக்கொண்டார். "வாத்தியாரே, ஒரு வாரம் தவணை. நல்லவரா கெட்டவரான்னு தெளிவா எழுதிட்டு வாங்க. இல்லேன்னா இதோட எழுத்தை நிறுத்திக்கங்க."

ஜெய்னுலாப்தீன் கதையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி, "சாருக்குச் சொந்த ஊரு எதுங்க?" என்று கேட்டார்.

"குடுமியான்மலை. அங்கிட்டும் கெணறெல்லாம் வத்திக் கெடக்கு. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன் சார்."

அடுத்த வாரம் கதையில் ஒரே ஒரு வரி கூடியிருந்தது. 'மேகம் வருகிற வழியில் குடுமியான்மலையில் சற்று நின்று, நல்ல உழவு மழையாகப் பெய்துவிட்டுப் போயிற்று.'

ஆவுடையப்பன் அதை இரண்டு தரம் படித்தார். "இப்பத்தான்யா தெளிவா இருக்கு! எவ்வளவு நல்ல மனுஷன்!" என்று சொல்லி ஓங்கி முத்திரை குத்தினார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட நசீரா, "என்னங்க, அந்த வரிய எழுதினவரு நல்லவரா, கெட்டவரா?" என்றாள்.

வாத்தியார் அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு நெஞ்சு கொதித்தது. அதிகாரிக்காக ஓர் எழுத்தாளர் வளைந்து கொடுப்பதா? நேரே ஆலங்குடிக்கு பஸ் ஏறிப் போய் அவரை முகத்துக்கு நேரே கேட்டேன். பாவம், தலைகுனிந்து நின்றார். நியாயத்தை எடுத்துச் சொன்ன திருப்தியோடு கிளம்பினேன். வாசல்படி இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் கீரனூர் குடுமியான்மலைக்குக் கொஞ்சம் வடக்கேதான் இருக்கிறது, அடுத்த பதிப்பில் மேகம் அங்கேயும் எட்டிப் பார்த்தால் நன்றாயிருக்கும் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன்.